மூன்றாம் வீட்டில் கேட்பது

எனக்கு இப்போது வயது நாற்பத்தைந்து. போன வருஷம் நாற்பத்தொன்று. கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று நீங்கள் யோசித்தால், உங்கள் வீட்டில் பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடிய அனுபவம் இல்லை என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். எனக்கு முப்பத்துமூன்று வயதாக இருந்தபோது ஒரு சம்பந்தம் வந்தது. முப்பத்தொன்றுக்கு மேல் வேண்டாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. பொறுப்பு முழுக்க அண்ணையின் தலையில். அண்ணை என் சாதகத்தை ஒரு பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது பையில் வேறு சாதகம் இருந்தது. அதில் நான் மூன்று வருஷம் பிந்திப் பிறந்திருந்தேன், அதுவும் முந்தியதைவிட நல்ல நட்சத்திரத்தில். அப்படியும் அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. மாப்பிள்ளையின் தாய்க்கு என் வாய் பிடிக்கவில்லையாம். ஆனால் போன மூன்று வருஷம் போனதுதான். அதன்பிறகு எந்தத் தரகரின் கடதாசியிலும் அந்தப் புதுப் பிறந்த நாளே இருந்தது. நானும் அண்ணையும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

இதில் பகிடி என்னவென்றால் என் உத்தியோகம். பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதி கொடுக்கும் அரச அலுவலகம் ஒன்றில் நான் எழுதுவினைஞர். காலையில் இருந்து பின்னேரம் வரை மற்றவர்கள் எப்போது பிறந்தார்கள் என்பதைப் பதிவேட்டோடு ஒப்புப்பார்த்து, உண்மைப் பிரதி என்று முத்திரை குத்துவது என் வேலை. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் ஊரான கொக்குவிலில் பாதிச் சனம் என்னைத் திட்டியிருக்கிறது.

எனக்கு அந்த நாற்பத்தொன்று நடந்த நேரத்தில்தான் தரகரின் கடதாசியில் மாப்பிள்ளையாக இவர் வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தொன்பது. சொந்த இடம் அரியாலை. சுவிஸில் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. மணமாகாதவர். ஐம்பது வயது வரைக்கும் கலியாணம் கட்டாமல் என்ன செய்துகொண்டிருந்தவனாம் என்று அண்ணை கேட்டார். நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதைத்தான் என்றேன். அண்ணை அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

அவரால் இங்கே வர முடியாது. அகதியாகப் போனவர். சுவிஸ்காரர் கொடுத்த பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அச்சடித்திருக்கிறார்களாம். பெண் பார்க்க வேண்டிய நாடு மட்டும் அதில் இல்லை. ஆகவே சந்திப்பதென்றால் வெளிநாட்டில்தான். திருச்சி என்று தீர்மானித்தோம். பலாலியில் பிளேன் ஏறினால் கொழும்புக்குப் பஸ் பாதி தூரம் போவதற்குள் அங்கே இறங்கிவிடலாம். பெரியம்மாவின் மகள் வீடு அங்கே இருப்பதால் ஊருக்குச் சொல்லவும் ஒரு காரணம் இருந்தது.

அந்தத் தீர்மானத்துக்கு முன்பு எட்டு மாதம் ரெலிபோனில் கதைத்தோம். மற்ற வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பனிமலையின் முன்னால் நின்று படம் அனுப்புவார்கள், காரின் முன்னால் நின்று அனுப்புவார்கள். இவர் சூப்புப் படம் அனுப்பினார். அந்த இல்லத்தில் ஒரு கிழவி ஒவ்வொரு நாளும் சூப்பில் உப்பில்லை என்று திருப்பி அனுப்புமாம். இவர் குசினிக்குள் கொண்டுபோய் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு அதே கோப்பையை அப்படியே கொண்டுவந்து கொடுப்பாராம். இப்போதுதான் சரி என்று கிழவி குடிக்குமாம். இதை அவர் சொன்ன அன்று நான் அலுவலகத்தில் தனியாகச் சிரித்துப் பிடிபட்டேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதனாலேயே இரண்டு பயம் வந்தது. அவர் சொன்னதில் ஏதும் பொய்யாக இருக்குமோ என்பது ஒன்று. நான் சொன்னதில் இருக்கும் பொய் எப்போது பிடிபடும் என்பது மற்றது. கடவுச்சீட்டில் சாதகக்காரரின் நாள் இல்லை, உண்மை நாள் இருக்கிறது. திருச்சியில் அதை அவர் ஒருதரம் பிரித்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணைக்கு முதல் பயம் மட்டும்தான் தெரியும். அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். கண்ணாடியைப் பார், பின்னுக்குப் பார், மறுபடி கண்ணாடியைப் பார் என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு உலகமே பின்கண்ணாடியில்தான் தெரியும். ஆளை விசாரிக்காமல் பிளேனில் ஏறக்கூடாது என்றார்.

விசாரிப்பதற்கு அண்ணையிடம் ஒரு முறை இருந்தது. முதல் வீட்டில், அதாவது சொந்தக்காரரிடம், கேட்கக்கூடாது. அவர்கள் பாசத்தில் பொய் சொல்வார்கள். அடுத்த வீட்டிலும் கேட்கக்கூடாது. அங்கே கட்டாயம் ஒரு வேலிச்சண்டை இருக்கும், கோபத்தில் பொய் சொல்வார்கள். மூன்றாம் வீட்டில் கேட்க வேண்டும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, ஆனால் எல்லாம் தெரியும். இன்னொன்று, இன்னாரின் மகன் இன்னாரா என்று இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்கவே கூடாதாம். கலியாண விசாரணை என்று உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். காணி பார்க்க வந்த ஆளைப்போல, மாப்பிள்ளையின் பெயரை மட்டும் கதையோடு கதையாக விடவேண்டும். இந்தப் புத்திசாலித்தனம்தான் எங்களைக் கெடுத்தது.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணை அரியாலைக்குப் போனார். முதலில் சலூன். தலைமயிர் வெட்ட அவரிடம் அதிகம் இல்லை, ஆகையால் சவரம் செய்துகொண்டே பெயரை விட்டிருக்கிறார். அவரோ? நல்ல மனுசன், பின்னேரமானால் மட்டும் அவரைக் கள்ளுத் தவறணைப் பக்கம் விடக்கூடாது என்றாராம் சலூன்காரர். அடுத்தது ஒரு பெட்டிக்கடை. குருநகருக்கு மீன் வாங்கப் போனவர் மூன்று நாள் கழித்து மீனில்லாமல் வந்தவர் என்று கடைக்காரி சிரித்தாளாம். அண்ணை இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டு கடைசியாக மூன்றாம் வீட்டுக் கேற்றைத் தட்டினார். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அவர் செத்து ஒன்பது வருசமெல்லோ, ஏன், காணியில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாராம்.

மத்தியானம் அண்ணை வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். சவரம் செய்த முகம் வெளிறிப்போய் இருந்தது.

"பிள்ளை, உவன் செத்துப்போனான்" என்றார்.

செத்தவர் முதல் நாள்தான் கத்தரிக்காய்ப் பால்கறிக்கு எப்போது பால் விடவேண்டும் என்று என்னோடு ஒரு மணி நேரம் வாதாடியிருந்தார். அதை அண்ணைக்குச் சொன்னேன். அதுதான் பயமாயிருக்கு என்றார். செத்தவரின் பெயரில் எவனோ ஒரு கள்ளன் கதைக்கிறானாம். திருச்சிக்குக் கூப்பிட்டுச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு விடுவார்களாம். வீடியோவில் முகத்தைப் பார்த்திருக்கிறேனே என்றதற்கு, இப்போது முகத்தையும் கொம்பியூட்டர் செய்யுதாம், கையை முகத்துக்குக் குறுக்கே ஆட்டச் சொன்னால் பிடிபட்டுவிடும் என்றார். அவருக்கு இதையெல்லாம் யூரியூப் சொல்லிக்கொடுக்கிறது. அன்று பின்னேரமே ஆட்டச் சொன்னேன். செத்தவர் கையை ஆட்டினார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, மற்றக் கையையும் ஆட்டிக் காட்டினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அதைத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். அரியாலை எங்கள் பிரிவுக்குள்தான் வருகிறது. விண்ணப்பம் இல்லாமல் பதிவேட்டைப் புரட்டுவது பிழை. நான் புரட்டவில்லை என்று இங்கே எழுதலாம்தான். ஏற்கனவே வயதில் ஒரு பொய் இருப்பதால் இன்னொன்று வேண்டாம். புரட்டினேன். இறப்புப் பதிவில் அந்தப் பெயர் அச்சொட்டாக இருந்தது. இறந்தபோது வயது எழுபத்துநான்கு. ஆனால் தகப்பன் பெயர் என்ற இடத்தில் தரகர் கடதாசியில் இருந்த பெயர் இல்லை, யாரோ வேறொருவர்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து யன்னலில் நின்றார். கனடாவில் இருக்கும் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அவர் கொண்டுவந்த படிவத்தில் பெயர் தலைகீழாக இருந்தது. வழமைபோல எரிந்து விழுந்தேன். எங்கள் முறைப்படி தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளை பெயர் பின்னுக்கு, வெள்ளைக்காரன் மாற்றித்தான் எழுதுவான், அதை இங்கே கொண்டுவரக்கூடாது என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். ஒரு கிழமையில் பத்துத் தடவையாவது இந்தப் பிரசங்கத்தைச் செய்கிறவள் நான். பாதியில் வாய் அடைத்துப்போயிற்று. தரகர் அந்தக் கடதாசியைச் சுவிஸ் அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே பிள்ளை முன்னுக்கு, தகப்பன் பின்னுக்கு. நாங்கள் அதை எங்கள் முறைப்படி வாசித்துவிட்டோம். அண்ணை அரியாலையில் மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை, மாப்பிள்ளையின் தகப்பனை விசாரித்திருக்கிறார். தவறணைக்குப் போனதும், குருநகரில் மூன்று நாள் நின்றதும், செத்ததும் எல்லாம் அந்த மனுஷன்.

யன்னலில் நின்றவருக்கு மறுபேச்சில்லாமல் பிரதி கொடுத்தேன். அவர் இன்னும் அதைச் சொல்லித் திரிகிறாராம்.

பிறகுதான் அடுத்தது மண்டையில் ஏறியது. எட்டு மாதமாக நான் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்? எங்கள் பக்கத்தில் புருஷனின் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் மாமனாரின் பெயரைச் சொல்லிக் கொஞ்சியிருக்கிறேன். செல்லமாகச் சுருக்கியும் கூப்பிட்டிருக்கிறேன்.

அன்று அவர் எடுத்தவுடன் உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார், அதுவரை நான் தகப்பன் பெயர் என்று நினைத்திருந்த பெயரை. எட்டு மாதமாக ஏன் திருத்தவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

"இஞ்சை வேலையிடத்திலை எல்லாரும் அப்பாவின்ரை பேராலைதான் என்னைக் கூப்பிடுறவை. அவைக்கு அது குடும்பப் பேர். நீங்கள் கூப்பிடேக்கை எங்கடை ஊர்ச் சத்தத்திலை, சரியாக் கூப்பிட்டியள். அப்பா செத்ததுக்கும் நான் வரேல்லை. அவரை அப்பிடிக் கூப்பிட இப்ப ஒருத்தரும் இல்லை. திருத்த மனம் வரேல்லை" என்றார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கும் அப்போதே என் மூன்று வருஷத்தைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. நாற்பத்தொன்று என்பதை நம்பித்தான் இவர் இவ்வளவு தூரம் வருகிறார் என்று ஒரு பேய்ப் பயம்.

அண்ணைக்கு விளக்கம் சொன்னேன். அவன் சொல்லுறது அவன்ரை கதை, நான் கேக்கவேண்டியதைக் கேக்கிறன் என்று சொல்லி நம்பரை வாங்கினார். வீட்டுக்குள் கதைக்காமல் கிணற்றடிக்குப் போனார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் கையை வீசிக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார், கார் பழகுகிற பிள்ளைகளோடு கதைப்பது போல அதட்டலாக. பிறகு நடை நின்றது. பிறகு உடுப்புத் தோய்க்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். கன நேரம் குனிந்துகொண்டு கதைத்தார். ஒருதரம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஒளிந்துகொண்டேன். உள்ளே வந்ததும் தேத்தண்ணி கேட்டார். குடித்து முடித்துவிட்டு, ஆள் சரி, போயிட்டு வா என்றார். அவ்வளவுதான். என்னிடம் தோற்றுப்போனதில் மனுஷனுக்குக் கவலை என்று நான் உள்ளுக்குள் கொண்டாடினேன்.

பலாலிக்கு அண்ணைதான் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க ஆலோசனை. போனவுடன் அவன்ரை புத்தகத்தை வாங்கிப் பெயரைப் பார், படத்தைப் பார், ஆளைப் பார் என்றார். பின்கண்ணாடியையும் பார்க்கட்டோ என்று கேட்டேன். சிரிக்கவில்லை. உள்ளே போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டு, ஏதோ தூசி தட்டியதுபோல எடுத்துக்கொண்டார்.

திருச்சியில் அவர் விமான நிலையத்துக்கு வெளியே நின்றார். ரெலிபோனில் தெரிந்ததைவிட அரைச் சாண் கட்டை. சேர்ட்டில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. நான் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய பெயரைச் சொன்னதும் உடனே திரும்பினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகு நேரம் எடுத்தது. பெரியம்மாவின் மகள், அந்த அக்காவின் வீட்டுக்குப் போகமுன் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம்.

இட்லி வந்தது. எனக்கு இறங்கவில்லை. அவர் தானாகவே தன் பயணப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார், அண்ணை பார்க்கச் சொன்னவர் என்று. பார்த்தேன். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், படம், எல்லாம் அவர்தான். இலங்கை தவிர்ந்த என்ற வரியையும் பார்த்தேன். இனி ஒளிக்க இடமில்லை. என் கடவுச்சீட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். பிரித்துப் பாருங்கோ, பிறகு நான் வீட்டுக்குப் போறன் என்று சொன்னேன்.

அவர் பிரிக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியும் என்றார். இரண்டு மாதமாகத் தெரியும் என்றார்.

ஆர் சொன்னது என்று கேட்டேன். எனக்குப் பகையான ஆட்களையெல்லாம் ஒரு நிமிஷத்தில் நினைத்துப் பார்த்துவிட்டேன். சங்கக்கடை மனேச்சர், முன்வீட்டு அக்கா, அலுவலகத்தில் என்னிடம் ஏச்சு வாங்கிய சனம் முழுக்க.

"அண்ணை" என்றார்.

கிணற்றடியில் இருந்து அண்ணை சொன்னதை அவர் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். மனப்பாடமாக வைத்திருந்தார்.

"தம்பி, நான் உங்களை அரியாலையிலை விசாரிச்சனான். நீங்களும் இஞ்சை ஆளை விட்டு விசாரிப்பியள். மூண்டாம் வீட்டிலை கேட்டாத்தான் உண்மை வரும். அந்தக் கரைச்சல் உங்களுக்கு வேண்டாம், நானே சொல்லுறன். அவளுக்கு நாப்பத்துநாலு. அந்த மூண்டு வருசத்தைக் களவெடுத்தது நான். அவளுக்குப் பொய் வராது, நான்தான் வரப்பண்ணினனான். இதாலை வேண்டாமெண்டால் இப்ப எனக்குச் சொல்லுங்கோ. அவளைத் திருச்சி மட்டுக்கும் வரவிட்டுச் சொல்லாதையுங்கோ."

நான் சாம்பாருக்குள் அழுதேன். இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதினொரு வருஷமாக, எனக்கும் அது பிடித்திருந்ததை மறந்து, அந்தச் சாதகத்தைச் சொல்லிச் சொல்லி மனதுக்குள் அண்ணையைத் திட்டியிருக்கிறேன். அவரும் அதே சாதகத்தைப் பதினொரு வருஷமாகச் சுமந்திருக்கிறார் என்று எனக்கு ஒரு நாளும் படவில்லை. பரிமாறுகிறவர் வந்து காரமா அம்மா என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கள் ஊர் ஓம் என்றால் ஆமாம் என்று அவருக்கு விளங்கவில்லை, இன்னொரு வாளி சாம்பாரோடு வந்தார்.

அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டேன். உண்மையான பிறந்த நாள் எந்த மாதம் என்று கேட்டாராம். அது இந்த இரண்டு மாதத்துக்குள் வந்து போய்விட்டதாம், வாழ்த்தினால் தனக்குத் தெரியும் என்று பிடிபட்டுவிடும் என்று சும்மா இருந்தாராம்.

அப்போது என் ரெலிபோன் அடித்தது. அண்ணை.

"இறங்கிட்டியோ? படத்திலை இருக்கிற ஆள்தானோ?"

"ஓம் அண்ணை."

"புத்தகத்தை வாங்கிப் பாத்தனியோ?"

"பாத்தன். என்ரையையும் குடுத்தன்."

மறுபக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை காரை ஸ்ரார்ட் பண்ணி நிற்பாட்டுவது கேட்டது. அண்ணை அதட்டவில்லை.

"அவர் பிரிச்சுப் பாக்கேல்லை அண்ணை" என்றேன்.

"சரி" என்றார். "சாப்பிட்டனியோ?"